நாற்பத்தெட்டு டன்

அந்தச் சூத்திரத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். வெட்டப்படும் துண்டின் சுற்றளவு, தகட்டின் கனம், தகட்டின் வெட்டுவலிமை; மூன்றையும் பெருக்கினால் தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்கு எத்தனை டன் அழுத்தம் வேண்டும் என்று வந்துவிடும். வெட்டுகிற பஞ்ச் முனை மழுங்கிவிட்டால் எவ்வளவு கூடுதலாகக் கேட்கும் என்பது அதில் வராது. புத்தகத்து அட்டவணையில் இருக்கும் தகடு வேறு, லாரியில் வந்து இறங்கும் தகடு வேறு என்பதும் வராது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்தேன் என்பதுதான் எரிகிறது.

ராஜபாளையத்தில், நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் அடித்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் நான் இன்ஜினியர். புது ஆர்டருக்கு நாற்பத்தெட்டு டன் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் பிரஸ் அறுபது டன். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

இரண்டாம் நாளே பிரஸ் ஓட்டும் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்.

"சார், மெஷின் ரொம்ப முக்குது. தகடு போன லோடு மாதிரி இல்ல, வெறப்பா இருக்கு. செத்த வந்து பாத்துட்டுப் போங்க."

"இன்னும் பன்னெண்டு டன் மிச்சம் இருக்குண்ணே. பயப்படாம அடிங்க."

நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் பிரஸ்ஸின் இரும்புச் சட்டம் விரிசல் விட்டது.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காரணம் எழுதித் தரச் சொன்னார். "கணக்கு தப்புன்னா நீங்க வீட்டுக்குப் போகணும் தம்பி. அவன் ரெண்டு தகட்டச் சேத்து வச்சு அடிச்சிருந்தான்னா அவன் போகணும். பாத்து எழுதுங்க."

இரண்டு தகடு என்று எழுதினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது அதோடு நிற்காமல் ஒருவர் வயிற்றிலும் அடித்தது. அன்று மாலையே அவரை நிறுத்திவிட்டார்கள். சண்டைக்கு வருவார் என்று இரண்டு நாள் பயந்து கிடந்தேன். வரவில்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவர் கண்ணில் மாட்டிக்கொண்டேன். அரிசிக் கடை ஒன்றுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார். திட்டட்டும் என்று நின்றேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

"ரொம்ப நாளா ரோசன சார். ஒண்ணொண்ணாத்தான் வச்சேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீங்க படிச்சவிய, பொய்யா எழுத மாட்டீய. நாந்தான் கண் அசந்து ரெண்டா வச்சுட்டேன் போல, என்ன சார்?"

"இருக்கும்ணே" என்றேன்.