பொன்முடித் துரையின் வண்டி

நனைந்த தார்ப்பாய் வெயிலில் காயும்போது ஒரு வாசனை வரும். தாரும் பூஞ்சையும் எலிப்புழுக்கையும் கலந்த வாசனை. எந்த ஊரில், எந்த லாரி ஷெட் பக்கத்தில் அது மூக்கில் ஏறினாலும் நான் நின்றுவிடுகிறேன். கூட வருகிறவர்கள் நாலு எட்டு முன்னே போய்த் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது. சாலைக் கடைத்தெருவில் பெரியப்பாவின் இரும்புக் கடைக்குப் பின்னால், ஆணி மூட்டைகளும் கடப்பாரைகளும் கிடக்கும் கிட்டங்கியில், தார்ப்பாய்க்கு அடியில் அது நிற்கிறது.

அதன் கம்பெனிப் பெயரைப் பெரியப்பா சொல்லமாட்டார். வண்டி என்பார், அவ்வளவுதான். இரண்டே கதவு. படகு போல நீண்ட மூக்கு. களைப்பில்லாமல் நாடு விட்டு நாடு போகிறவர்களுக்காக இங்கிலாந்தில் செய்த கார் என்று அவருடைய நண்பர், கல்லூரிப் பேராசிரியர், சொல்வார். "கிராண்ட் டூரர்" என்று அவர் சொல்லும்போது வாய்க்குள் அல்வா இருப்பது போலத் தோன்றும். கல்லாறு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகிடந்த வண்டியைப் பெரியப்பா லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் தெருவின் நீளத்தைத் தாண்டி அது ஒருநாளும் ஓடியதில்லை.

ஓடவேண்டும் என்று யாரும் அவசரப்படவுமில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அதன் சரித்திரம். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும். பெரியப்பாவும் பேராசிரியரும், நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதில் கெட்டிக்காரரான டிங்கர் அண்ணனும் ஆளுக்கொரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். பொன்முடியில் தேயிலைத் தோட்டம் பார்த்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் இப்படியொரு வண்டி வைத்திருந்தது உண்மை. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வயசானவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த வண்டிதான் இந்த வண்டி என்பதற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

வண்டி வந்த முதல் வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து தார்ப்பாய்க்குள் நுழையப் பார்த்தேன். சாத்தியிருந்த கடப்பாரைகள்மேல் கால் வைத்தேன். ஒன்று சரிந்தது. இடது பக்க முன் மட்கார்டில் அது விழுந்த சத்தத்தை இன்றுவரை வேறெங்கும் கேட்டதில்லை; ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் முனகியது போல. உள்ளங்கை அளவுக்குப் பள்ளம், நடுவே பளீரென்று ஒரு கீறல். எச்சில் தொட்டுத் தூசியைக் குழைத்துக் கீறலில் பூசினேன். கிரீஸும் பூசினேன். கடப்பாரையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய் வீட்டுப்பாடம் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவினார்கள்.

"அண்ணாச்சி, இஞ்ச ஒரு அடி கெடக்கு," என்றார் டிங்கர் அண்ணன். "பத்து நிமிஷம். தட்டி எடுத்துருதேன்."

பெரியப்பா குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். "தொடாத," என்றார். குரல் மாறியிருந்தது. "இதாக்கும் அது."

லயத்தில் ஒரு கதை உண்டு. மலைப்பாதை வளைவு ஒன்றில், கொழுந்துக் கூடையோடு குறுக்கே வந்த பெண்ணைக் காப்பாற்றத் துரை வண்டியை ஒடித்து மைல்கல்லில் இடித்துவிட்டாராம். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "கரெக்ட். ஆங்கிள் கரெக்ட்," என்றார்.

"என்ன ஆங்கிளு சாரே? பழைய அடின்னா துரு வேண்டாமா? இது நேத்து விழுந்தது கணக்கால்லா இருக்கு."

"லே, ஒனக்குத் தகரம் தெரியும். சரித்திரம் தெரியுமா?"

"இல்ல அண்ணாச்சி. எனக்குச் சுத்தியலு மட்டுந்தான் தெரியும்."

நான் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தில் பாலிஷ் துணிகூடப் படவில்லை. யார் வந்தாலும் பெரியப்பா முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். விரல் படாமல் ஒரு சாண் தள்ளி நின்று காட்டுவார். வாரத்துக்கு வாரம் கதையில் மழை கூடியது, மூடுபனி கூடியது. முதலில், ஆள் வரும்போதெல்லாம் நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன். போகப்போக, சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பெரியம்மாவுக்குக் கிட்டங்கியில் இடம் வேண்டும். அதைவிட வேறு கோபமும் இருந்தது. "எனக்க நெத்தியிலயும் ஒரு தழும்பு கெடக்கு," என்றாள் ஒருநாள், எல்லோரும் இருக்கும்போதே. "அதுக்க சரித்திரத்த இத்தன வருசத்துல ஒருக்கா கேட்டிருக்கியளா?"

பெரியப்பா தேநீரை ஆற்றிக்கொண்டேயிருந்தார்.

பேராசிரியர் இங்கிலாந்தில் அந்தக் காரைக் கொண்டாடுகிற ஒரு சங்கத்துக்குப் பள்ளத்தின் படத்தோடு கடிதம் எழுதினார். அவர்களுடைய பத்திரிகையில் அது வந்திருக்கிறது. மூன்று மாதம் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது. என் தந்தை பொன்முடியில் இருந்தார், அவரிடம் இதே மாதிரி கார் இருந்தது, ஜனவரியில் கோவளம் வருகிறேன், பார்க்கலாமா? அவ்வளவுதான் இருந்தது அதில். பெரியப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தார். வியர்வையில் மை கலங்கிவிட்டது.

பெரியம்மா தீர்ப்பு சொன்னாள். "மதாம்மா வந்து பாக்கட்டு. அவளுக்க அப்பன் வண்டின்னு அவ வாயால சொன்னா இஞ்சயே கெடக்கட்டு. இல்லன்னு சொன்னா மறுநாளு ஆக்கர் கடைக்காரன் வந்து பழைய இரும்போட இரும்பா எடுத்துட்டுப் போவான். சம்மதந்தானா?"

"சம்மதம்," என்றார் பெரியப்பா உடனே. அத்தனை நம்பிக்கை. அவர் கையிலிருந்த ஒரே சாட்சி நான் போட்ட பள்ளம்.

அவள் வாடகை அம்பாசிடரில் வந்து இறங்கினாள். அம்மாவைவிடப் பத்து வயது கூட இருக்கும். கணுக்காலெல்லாம் கொசு கடித்துச் சிவந்திருந்தது. பெரியப்பா புதுச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். தார்ப்பாயை இழுத்தார்கள். அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்தாள். நம்பர் பலகையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் எங்களைப் பார்த்தாள்: பெரியப்பாவை, வாசலில் கைகட்டி நின்ற பெரியம்மாவை, சட்டைப்பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தன்னுடைய கடிதத்தை. வாயை மூடிக்கொண்டாள்.

பேராசிரியர் பள்ளத்தைக் காட்டி ஆங்கிலத்தில் கதையைச் சொன்னார். அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள். யாரும் தொடாத இடத்தில் ஒரு விரலை வைத்தாள். எனக்கு ஒன்றுக்கு முட்டியது.

"ஆமாம்," என்றாள். "அன்றைக்கு மழை. அந்தப் பெண் சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். அப்பா அன்று இரவு சாப்பிடவே இல்லை."

பேராசிரியர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா சுவர்ப்பக்கம் திரும்பி, கையிலிருந்த பழைய துணியால் முகத்தைத் துடைத்தார். கிரீஸ் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. டிங்கர் அண்ணன் என்னைப் பார்த்தாரோ கடப்பாரைகளைப் பார்த்தாரோ தெரியாது. பெரியம்மா கட்டியிருந்த கையைத் தாழ்த்தினாள். "சாயா குடிச்சிட்டுப் போவச் சொல்லுங்க சாரே," என்று உள்ளே போனாள்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்திருக்கவேண்டும். எனக்கு அழுகை வந்தது. அது என் பள்ளம். என் கண் முன்னால் யாருடைய அப்பாவோ அதை எடுத்துக்கொண்டு போகிறார். இல்லை, நிஜமாகவே துரைதான் இடித்தாரோ, கடப்பாரை விழுந்தது என் கனவோ என்றுகூட ஒரு கணம் ஆடிப்போனேன்.

சாயா குடித்துவிட்டு அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் வெற்றிலைபாக்கு வாங்கப் போயிருந்தார். உள்ளே எல்லோரும் சேர்ந்து தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா சிரிக்கிற சத்தம் தெருவரை கேட்டது. நான் ஜன்னலருகே போனேன். மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த ஆங்கிலத்தில், அது நான் செய்தது, இரும்புக் கம்பி விழுந்தது, துரை இல்லை என்றேன்.

அவள் திடுக்கிடுவாள் என்று காத்திருந்தேன். உனக்கு என்ன வயது என்று கேட்டாள்.

ஒன்பது என்றேன்.

இன்றைக்கு நான் அவள் வயதைத் தாண்டிவிட்டேன். நானும் யார் யாருக்காகவோ மழையும் சிவப்புச் சேலையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவள் அடுத்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தைதான். கூட்டிப் பார்த்தால் அர்த்தம் ஒன்றும் பிடிபடவில்லை. டிரைவர் வந்து கதவைச் சாத்தினார். அவள் குனிந்து, ரகசியம் மாதிரியும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்:

"ஊருக்குக் கப்பலேறும்போது எனக்கும் ஒன்பது வயதுதான். எங்கள் காரையும் அதே கப்பலில் கொண்டுபோய்விட்டோம்."