ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டுப் பதிந்த பாட்டு

எனக்கு நீந்தத் தெரியாது. கடற்கரைக்குப் போனால் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு, அலைமேல் பலகை போட்டு நிற்கிற கலிபோர்னியா இளைஞர்களைப் பற்றிய அறுபதுகளின் சர்ஃப் பாப் பாட்டுகள்மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். அலைமேல் எனக்கு ஒரு அக்கறையும் கிடையாது. அந்த இசைத்தட்டுகளைப் பதிந்த விதத்தின்மேல்தான் அக்கறை.

அப்போது நாடாவில் குரலுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். வாத்தியங்களையெல்லாம் ஒரே அறையில் உட்காரவைத்துப் பதிந்து, அதை ஒரே தடமாகச் சுருக்கி, மிச்ச இடத்தில் குரல்களை அடுக்கினார்கள். ஒரே ஆள் ஒரே வரியை இரண்டு தடவை பாடுவார். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் மயிரிழை முன்னே பின்னே நிற்கும். பாட்டு மினுங்குவது அந்த மயிரிழையில்தான். எதிரொலி வேண்டுமென்றால், சுவரெல்லாம் டைல் ஓடு பதித்த வெற்று அறைக்குள் ஒலிபெருக்கியில் பாட்டை ஓடவிட்டு, மைக் வைத்துத் திரும்பப் பிடிப்பார்கள். கூர்ந்து கேட்டால் பின்னால் யாரோ இருமுவதும் கேட்கும். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. பகலெல்லாம் பிசகுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பிசகை ரசிப்பேன்.

என் மனைவி கோயில் பஜனையில் தேவாரம் பாடுகிறவள். என் இசைத்தட்டுகளைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். "இந்த ஆம்பளைங்க எதுக்கு பொம்பள குரல்ல அழுவுறாங்க?"

போன வருடம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிடலாம், ஆனால் குரல் மாறலாம், பழையபடி திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். இவள், "சரி டாக்டர்" என்றாள். வீட்டுக்குக் கிளம்பினோம். எங்கள் ஊர் உலு திராம் நெருங்கும்போது, "என்னாங்க, அதுக்குள்ள என் குரல எடுத்து வச்சிருங்க" என்றாள். உடனே நான், வீட்டில் எந்த அறையில் எதிரொலி நன்றாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

குளியலறை என்று முடிவு செய்தேன்.

"சாமி பாட்ட கக்கூஸ்ல பாட சொல்றீங்களா?"

கக்கூஸும் அங்கேயேதான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நீ ஹாலில் பாடு, ஒலிபெருக்கி வழியாகக் குரல் மட்டும்தான் அங்கே போகும் என்று விளக்கினேன்.

"நான் ஹால்ல இருப்பேன், என் குரல் மட்டும் போய் கக்கூஸ்ல நிக்கணுமா? சும்மா இருங்க லா."

கடைசியில், கூரைவரை ஓடு பதித்த பின்கட்டுச் சமையலறைதான் கிடைத்தது. பெலாச்சான் இறால் விழுதின் வாடை சாமிக்கு ஆகுமா என்று எனக்குச் சந்தேகம். அவள் தரையைத் துடைத்து, விளக்கேற்றி, ஆகும் என்று தீர்ப்பளித்தாள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் காலை, உறுமுகிற ஃபிரிட்ஜை நிறுத்தினேன். அவள் ஒரு தடவை பாடினாள். பிறகு அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே மறுபடியும் பாடினாள். இரண்டாவதில், தெருவில் போன ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் விழுந்தது.

கணினி முன் உட்கார்ந்ததும் என் தொழில் புத்தி வந்துவிட்டது. இரண்டாவது குரலை எழுத்தெழுத்தாக வெட்டி முதல் குரலோடு நேராக நிறுத்தினேன். ஹாரனை எடுத்தேன். மூச்சையும் எடுத்தேன். அன்று மாலை அவளிடம் கொடுத்தேன்.

"சுத்தமா இருக்கு," என்றாள். மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டு, "யாரு இது?"

வாங்கிக் கேட்டேன். அது யாருடைய குரலும் இல்லை. வெட்டிய குரலைப் பழையதன்மேலேயே சேமித்துவிட்டிருந்தேன். தொடாமல் மிஞ்சியது முதல் தடவை பாடியது மட்டும். மறுபடி பாடச் சொல்ல நேரமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்திருந்ததால் மீனும் கெட்டுப்போயிருந்தது.

கட்டி நல்லபடியாகப் போயிற்று. குரல் கீழே இறங்கிவிட்டது. தொலைபேசியில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பஜனைக்குக் கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றே சொல்லிவந்தாள். வீட்டில் முணுமுணுப்புகூட இல்லை. வாய் ஓயாமல் பாடிக்கொண்டே சமைக்கிறவள் சும்மா சமைப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என் இசைத்தட்டுகளையும் நான் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே சமையலறையைத் துடைத்தாள். ஃபிரிட்ஜை நிறுத்தினாள்.

"மொத தடவ பாடினத காதுல போடுங்க. கூட பாடுறேன். வெட்டுனீங்க, கைய ஒடிச்சிருவேன்."

பாடினாள். ஒரு ஸ்தாயி கீழே, கரகரத்த குரலில். மேலே ஏறும் வரி வந்தபோது முயன்று பார்த்து நிறுத்திக்கொண்டாள். காதில் கையை வைத்தபடி, பழைய குரல் தனியாக மேலே போய் வரட்டும் என்று நின்றாள். அது இறங்கி வந்ததும் சேர்ந்துகொண்டாள். நான் கருவியைப் பார்ப்பதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்தேன்.

இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"அவ நல்லா பாடுறா," என்றாள். "நானும் பரவால்ல."