மூடியில் மிஞ்சிய ஸ்க்ரூக்கள்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அத்தானுக்கு 'மறை' என்று பெயர். மறை கழண்டவர் என்பதன் சுருக்கம். பெயர் வைத்தவர் கீழ்வீட்டு டிரைவர். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் போதும், "என்ன மறை, இன்னைக்கு யார் வீட்டுப் பொருளைக் கழட்டிப் போட்டிருக்கீங்க?" என்பார். அத்தானும் சளைக்காமல், "கழட்டறதுக்கு நீங்க போதும் டிரைவர், மாட்டறதுக்குத்தான் நான் வேணும்" என்று சொல்லிவிட்டு ஏறுவார்.

மாட்டும் வேலை ஒரு காலத்தில் முறையாகவே இருந்தது. ஒரு செல்போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பெஞ்ச் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். கம்பெனி அந்தக் கிளையை மூடியபோது அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் அவருக்குப் பெஞ்ச். மின்சாரம் கொடுக்கும் பெட்டி, சூடான காற்று ஊதும் துப்பாக்கி, ஈயம் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்ன், கண்ணில் மாட்டும் லென்ஸ் எல்லாம் அதன்மேல் குடியேறிவிட்டன. நாங்கள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அக்கா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் நின்றபடியே வேலை பார்ப்பவள். வீட்டுக்கு வந்தும் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி இல்லை. எல்லாவற்றிலும் யாருடைய லேப்டாப்பாவது திறந்து கிடக்கும். ஒருமுறை அப்படித் திறந்த லேப்டாப் ஒன்றின் காற்றாடிக்குள் எறும்புகள் முட்டையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அதுங்களுக்காவது சொந்தமா ஒரு இடம் இருக்கு" என்றாள்.

கட்டடத்துக்காரர்கள் கொண்டுவருவதெல்லாம் சில்லறை வேலை. தேநீர் கொட்டிய கீபோர்டு, ஆடுகிற சார்ஜர் முனை, தூசி அடைத்த ஸ்பீக்கர். முடித்துக் கொடுத்தால், "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போவார்கள். அது வேலைக் கணக்கில் சேராது என்பது அத்தானுக்கும் தெரியும். அக்கா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் குளியலறைக்குள்ளேயே இருந்துகொள்வார். கதவைத் தாண்டி அவள் செருப்புச் சத்தம் போன பிறகுதான் வெளியே வருவார்.

அப்படிப்பட்ட நாளில்தான் ரயில் நிலையத்துக்கு எதிரே ரிப்பேர் கடை வைத்திருப்பவர் வீடு தேடி வந்தார். அத்தானோடு அதே சர்வீஸ் சென்டரில் இருந்துவிட்டு, முன்னமே வெளியேறித் தனிக்கடை போட்டவர். பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, டிஸ்ப்ளே மாத்தறதுக்கு என்கிட்ட ஆள் இருக்கு. போர்டு வேலை தெரிஞ்ச ஆள் இல்ல. இது சுத்தமா செத்துக் கிடக்கு, கடையில எல்லாரும் பாத்துக் கைவிட்டது. நீங்க இதுக்கு உயிர் குடுத்துட்டா, திங்கக்கிழமை வந்து என் கடையில உக்காருங்க."

"உக்காரணும்னா... தினமுமா?"

"பின்ன, விருந்துக்கா கூப்பிடறேன்? தினமும்தான்."

அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் படியிறங்கி முடிப்பதற்குள் அத்தானின் சட்டை ஒன்றைத் தேடி எடுத்து, தேய்த்து, ஹாங்கரில் கோத்துக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டாள். "திங்கக்கிழமைக்கு" என்றாள். அவள் ஒன்று நினைத்துவிட்டால் அது நடந்து முடிந்த மாதிரிதான்.

அத்தான் அந்தப் போனைப் பிரித்த விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத் தகடு ஒன்றைச் சதுரமாக வெட்டி வைத்திருந்தார். அதன்மேல் போனின் உருவத்தை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே படத்தில் வைத்தார். எல்லாம் எள்ளை விடச் சின்னவை. எனக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"தெரியாது மாப்ளே. எனக்கே கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணொண்ணும் ஒரு நீளம். நீளமானதைக் கொண்டுபோய் குட்டி ஓட்டையில போட்டு முறுக்கினா, அடியில இருக்கற போர்டைக் குத்திரும். போர்டுன்னா ஒரே தகடுன்னு நினைக்காத. சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், ஒவ்வொரு அடுக்குலயும் கம்பி ஓடும். நடுவுல அறுந்துச்சுன்னா யாராலயும் ஒட்ட முடியாது."

"அப்போ ஒரு ஸ்க்ரூ மாறினா போச்சா?"

"மாறாது. அதுக்குத்தானே இந்தப் படம்."

பழுதைத் தேடுவதில் சனிக்கிழமை போயிற்று. போர்டில் எங்கேயோ மின்சாரம் தவறான வழியில் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒட்டியிருக்கும் எந்தப் பொடிப் பாகம் வழியாக என்று தெரியவில்லை. ஞாயிறு மத்தியானம் ரோசின் என்ற பிசின் கட்டியில் சூடேறிய சாலிடரிங் அயர்னை வைத்தார். வெள்ளைப் புகை எழுந்தது. அந்தப் புகையில் போர்டைக் காட்டியதும் அதன்மேல் பனி பெய்த மாதிரி வெள்ளை படிந்தது. பிறகு போர்டுக்குள் கொஞ்சமாக மின்சாரம் விட்டார். வெள்ளைக்கு நடுவே ஒரே ஒரு புள்ளி மட்டும் சூடேறி, உருகிக் கறுத்தது. கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கெப்பாசிட்டர்.

"வாடா கண்ணு, நீதானா" என்றார் அத்தான். சூடான காற்றை ஊதி, சின்ன இடுக்கியால் அதைக் கிள்ளி எடுத்தார். அது இல்லாமலும் போர்டு ஓடும் என்றார். போர்டைத் துடைத்து, போனுக்குள் உட்காரவைத்து, திரையையும் பேட்டரியையும் சும்மா தொடுத்துப் பார்த்தபோது போன் ஒளிர்ந்தது. சார்ஜ் ஏறுவதாகக் காட்டியது. வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த அக்கா பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள்.

"ஏங்க, வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"நான் சொன்னேன்ல?" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

அத்தான் கடைக்காரருக்குப் போன் செய்தார். அவர் பக்கத்தில்தான் இருப்பதாகவும் தானே வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். அக்கா பரபரத்துப்போனாள். "உடம்பெல்லாம் புகை நாத்தம், போய்க் குளிங்க. முதலாளி மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிடப் போறாரு. டேய், நீ போய் பிஸ்கட் வாங்கிட்டு வா." அவர் குளிக்கப் போனார். நான் கீழே போனேன்.

திரும்பி வந்தபோது மேஜை பளபளவென்று இருந்தது. கருவிகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி மூலையில் வைத்துவிட்டாள். மேஜையைச் சோப்பு நீரால் துடைத்து, விரிப்புப் போட்டு, நடுவில் திறந்த போனை ஒரு தட்டில் வைத்திருந்தாள். காந்தத் தகட்டையும் கழுவிச் சாய்த்து வைத்திருந்தாள். படம் அழிந்து நீலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரு பாட்டில் மூடிக்குள் கிடந்தன.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அத்தானிடம் அந்த மூடியை நீட்டினாள். "விரலை நனைச்சு ஒவ்வொண்ணா ஒட்டி எடுத்தேங்க. ஒண்ணுகூடத் தொலைக்கலை."

அத்தான் மூடியைப் பார்த்தார். துண்டு அப்படியே தலையில் நின்றது. அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நல்லது" என்றார்.

கீழே ஹாரன் அடித்தது. கடைக்காரர் போனில், "அண்ணே, வண்டி நிறுத்த இடமில்ல, மூடிட்டீங்களா?" என்றார்.

"மூடிட்டிருக்கேன், வாங்க" என்றார் அத்தான்.

நீளம் அளக்கும் கருவி மூலையில் இருந்த அட்டைப் பெட்டிக்குள், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லென்ஸை மாட்டி, ஸ்க்ரூக்களைக் கண்ணாலேயே பிரிக்க ஆரம்பித்தார். படியில் கடைக்காரரின் காலடி கேட்டது. அத்தான் போர்டை மூடும் உலோகத் தகட்டை வைத்து ஸ்க்ரூக்களை முறுக்கிக்கொண்டே வந்தார். ஒன்று மட்டும் கொஞ்சம் இறுக்கமாகப் போனது. கை நின்றது. கதவு தட்டப்பட்டது. இன்னும் அரைச் சுற்று முறுக்கினார்.

கடைக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்து பிஸ்கட்டைக் கையில் எடுத்ததும், அத்தான் போனை முடுக்கினார். லோகோ வந்தது. அணைந்தது. மறுபடி வந்தது. மறுபடி அணைந்தது.

"என்னண்ணே?"

"சரியாகலை" என்றார் அத்தான்.

"என்னங்க சொல்றீங்க, இப்பதானே எரிஞ்சுது!" என்றாள் அக்கா. "சார், என் கண்ணால பாத்தேன். சார்ஜ்கூட ஏறுச்சு."

கடைக்காரர் பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்தார். அவரும் அந்தத் தொழில் தெரிந்தவர்தான். தகட்டைக் கழற்றினார், அத்தானின் லென்ஸை வாங்கி ஒரு ஓட்டைக்குள் குனிந்து பார்த்தார். அடியில் செம்பு மினுமினுத்தது. நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார். பிறகு மேஜை விரிப்பை, மூடியை, அக்காவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. அந்த ஒரு நன்மையை அவர் செய்தார்.

"பரவாயில்லண்ணே, வேற போர்டு போட்டுக்கறேன்."

"நாளைக்குக் கடைக்கு..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"பாக்கலாங்க" என்றார் கடைக்காரர்.

நம் ஆட்கள் வாயிலிருந்து "பாக்கலாம்" என்று வந்தால் அதற்குமேல் பார்க்க ஒன்றும் இருக்காது.

அவர் போன பிறகு அக்கா குதித்தாள். "அவன்தாங்க கெடுத்தான்! நல்லா இருந்ததைக் கழட்டி, நோண்டி, வேணும்னே கெடுத்துட்டுப் போறான். உங்களுக்கு வேலை தெரியறது அவனுக்குப் பொறுக்கல." கடைக்காரர் கழற்றுவதற்கு முன்பே போன் கெட்டுப்போயிருந்தது அவள் நினைவுக்கு வரவில்லை, வரவேண்டும் என்றும் யாரும் விரும்பவில்லை. அத்தான் கையில் மூடியோடு உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் மாப்ளே.

அக்கா இந்தக் கதையைக் கட்டடம் முழுக்கச் சொன்னாள். கடைக்காரரை ரயில் நிலைய வாசலில் பார்த்து நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற அத்தானும் தலை குனிந்துதான் நின்றார். ஆஸ்பத்திரியில் அவள் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். சட்டை கதவுப் பிடியிலேயே தொங்கியது. தோளில் தூசி படிந்ததும் அவளே எடுத்துத் துவைத்து மறுபடி அங்கேயே மாட்டினாள்.

அந்த மூடியை அவள் பத்திரமாக வைத்துவிட்டாள். யாராவது போனைக் கொண்டுவந்தால், அத்தான் கருவியை எடுப்பதற்குள் மூடி மேஜைக்கு வந்துவிடும். "இந்தாங்க, இதுல போடுங்க. தொலையாது." அவரும் அதில்தான் போடுகிறார். புதுக் காந்தத் தகடு வேண்டும் என்று கேட்டால் பழையது எங்கே என்ற பேச்சு வரும்.

மூடும்போது, எது எந்த இடத்துக்கு என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றிரண்டை மட்டும் மாட்டுகிறார். கொஞ்சம் இறுகினாலும் உடனே வெளியே எடுத்துவிடுகிறார். அளக்கும் கருவி பெட்டியிலேயே இருக்கிறது. அவர் மூடிக் கொடுத்த போன்களை அசைத்தால் உள்ளே கடகடவென்கிறது. திரையின் ஓரம் தூக்கிக்கொள்கிறது. ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. டிரைவர்கூட இப்போது கிண்டல் செய்வதில்லை. "வாங்க" என்று மட்டும் சொல்லி வழிவிடுகிறார்.

நான் இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். கடைசியாக அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மூடி பாதி நிறைந்திருந்தது. அக்கா மேஜையைத் துடைத்தபடி அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவும் மிச்சமாங்க?"

"ஆமா. தேவைப்படலை."

"பாத்தியாடா?" என்றாள் என்னிடம், பெருமை தாங்காமல். "கம்பெனிக்காரன் சும்மா இத்தனை போட்டு ஏமாத்தறான். இவர் கை பட்டா ரெண்டே போதும்."

அத்தான், அவள் துடைப்பதற்கு வசதியாக மேஜையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.