ஆடாத முட்டி

கொழும்பில் கோல்ஃப் பயிற்சித் திடலில் ஒருநாள் என் பக்கத்தில் நின்றவர் வெள்ளவத்தைக்காரர். பருத்த உடல், மெலிந்த கால்கள். வலது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தபின் அன்றுதான் முதன்முறையாகப் பந்தடிக்க வந்திருந்தார். நொந்தால் இனி விளையாட்டே இல்லை என்று டொக்டர் சொல்லியிருந்தாராம்.

"விழுந்தா நான் தூக்கமாட்டன்," என்றார் பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி.

வெள்ளவத்தைக்காரர் மட்டையைப் பின்னால் உயர்த்தினார். தோள்கள் முழுதாகத் திரும்பின. இடது முழங்கால் மெல்ல உள்ளே வந்தது. வலது முழங்கால் மட்டும் மடிந்தபடியே அசையாமல் நின்றது. அவ்வளவு பெரிய உடல் அந்த ஒரு மூட்டின்மேல் திரும்பி நின்றதைக் கண்டு என் மட்டையைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பந்தை அடித்தார்.

"எப்படி அண்ணை, கால் ஆடவே இல்லை?"

"சென்னைக் கோச் ஒருத்தர், 'வலது முட்டி ஆடக்கூடாது' எண்டார். அவையளுக்கு முட்டி எண்டா முழங்காலாம். எங்களுக்கு முட்டி எண்டா மண்பானையெல்லோ, எனக்கென்ன தெரியும்? முழங்காலுக்கு மேல தயிர்முட்டி இருக்கிறதா நினைச்செல்லோ பழகினனான்!"

மனைவி சிரிக்கவில்லை. "நோகுதோ?" என்றார்.

அவர் காலை ஊன்றிப் பார்த்தார். "இல்லையப்பா."

பந்து எவ்வளவு தூரம் போனதென்று எங்கள் மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை.