தையல்நாயகி ஆன்ட்டியின் விரல்கள்

மாஹிராவிடம் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பொங்குவதற்குள் நாலு தடவை அடுப்பைக் கூட்டிவிடுவாள். பம்மலில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைத்துக் கொடுக்கும் அவளுடைய அத்தா பாட்சா, இந்தப் பெண் எந்தப் படிப்பைத்தான் முழுசாக முடிக்கப் போகிறது என்று சலித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவள் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் அனிமேஷன் படிக்கச் சேர்ந்தாள். சேர்ந்தவள் கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டுப் போகக் கூடாதோ? களிமண் பொம்மையை வைத்துத்தான் கதை எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அது இடுப்பொடிக்கிற வேலை. பொம்மையை நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். கையை எள்ளளவு தூக்கி இன்னொரு படம். தலையை மயிரிழை திருப்பி இன்னொன்று. சாயங்காலம் பூராவும் இப்படி எடுத்தாலும், ஓட்டிப் பார்க்கும்போது சில நொடிகளில் முடிந்துவிடும். மாஹிராவின் கதை சின்னது. ஜன்னல் விளிம்பில் கிடக்கும் மண் உருண்டை ஒன்று விமானச் சத்தத்தில் விழித்துக்கொண்டு, ஒரு சிறுமியாக எழுந்து நிற்கிறது. அவர்கள் குடியிருக்கும், விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் விமானத்துக்கா பஞ்சம்? கூரையை உரசுவது போலப் போகும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும், பொம்மையும் கூடவே ஆடும். ஆட்டம் அடங்கும்வரை மாஹிரா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

உருண்டை பெண்ணாக மாறுவதை நேராக எடுக்க முடியாது. மண்ணை அப்படி வளர்த்துக்கொண்டே போனால் பொம்மை கோணிக்கொள்ளும். அவளுடைய ஆசிரியர் ஃபிரெடி சார்தான் வழி சொன்னார். முதலில் முழுப் பெண்ணாகச் செய்து நிறுத்திவிடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி உருண்டையாக்கு, எடுத்த படங்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டு, உருண்டை தானாக எழுந்து நிற்கும் என்றார். போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் வரிசை தலைகீழாகிவிடும். மாஹிரா ஒவ்வொரு நாளும் எடுத்து முடித்த கையோடு அதைத் தட்டிவிட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பாள். தான் எடுத்த வரிசையில் அதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பொம்மையை நிறுத்தி எடுத்தது மாஹிராவின் அறை ஜன்னல் விளிம்பில். அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சம்பந்தம் அங்கிள் வீட்டு பால்கனி. சம்பந்தம் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தையல்நாயகிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, பேச்சும் போய் அசைவும் போய்விட்டது. வெயில் சாய்ந்ததும், அவரைப் பார்த்துக்கொள்ளும் கங்கம்மா சக்கர நாற்காலியை பால்கனிக்குத் தள்ளிவந்து, ஆன்ட்டியின் வலது கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடி மேல் வைப்பாள். விரல்கள் வீட்டுக்குள்ளிருந்து பால்கனிக்கு வரும் வாசல் பக்கம் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு அவள் கீரையையோ அவரைக்காயையோ வைத்துக்கொண்டு தரையில் உட்காருவாள். அவ்வப்போது சம்பந்தம் வாசலில் வந்து நின்று, நாவலூரில் இருக்கும் மகன் ஜெயகிருஷ்ணனோடு போனில் நீட்டி முழக்கிப் பேசுவார். அவளுக்கு நினைவே இல்லைப்பா, கட்டையைப் போலக் கிடக்கிறாள் என்று மனைவியின் தலைக்கு மேலேயே சொல்வார். வண்டலூர் பக்கம் ஒரு முதியோர் ஹோமில் இடம் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வண்டி வந்து அழைத்துப் போகும் என்று தெருவுக்கே தெரியும்.

அந்த வாரம் திங்கட்கிழமை எடுத்ததை மாஹிரா தன் அறையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். பொம்மை நன்றாகத்தான் எழுந்தது. சந்தோஷத்தில் இரண்டாவது தடவை ஓட்டியபோதுதான் பொம்மைக்குப் பின்னால் பார்வை போனது. பால்கனியில் எல்லாம் துடித்துக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணி பதறியது. காக்கை இருந்தது, இல்லை, இருந்தது. கங்கம்மா முறத்தோடு வெட்டி வெட்டித் தெரிந்தாள். வாசலில் சம்பந்தம் முளைத்து மறைந்தார். அத்தனைக்கும் நடுவே தையல்நாயகி ஆன்ட்டி சுவரில் மாட்டிய போட்டோ மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருடைய விரல்கள் மட்டும், எந்தப் பதற்றமும் இல்லாமல், உள்ளங்கைப் பக்கம் சுருக்கென மடிந்தன. மெதுவாகத் திறந்தன. மறுபடியும் மடிந்தன.

வா.

யாருக்கும் புரிகிற கையசைப்பு அது. மாஹிரா போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஆன்ட்டி இன்னும் பால்கனியில்தான் இருந்தார். கை கைப்பிடி மேல் செத்த மாதிரி கிடந்தது. கண்ணைக் கொட்டாமல் நெடுநேரம் பார்த்தாள், ஒரு அசைவும் இல்லை. திரும்பி வந்து போனை எடுத்தால், வா, வா என்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்ததை ஓட்டினாள். அதிலும் வா. அதற்கு முந்தைய வாரத்திலும் வா.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவளுக்கு விளங்கியது, விளங்கியதும் இன்னும் பயமாகிவிட்டது. அந்தக் கை அசையாமல் இல்லை. கடிகாரத்தின் சின்ன முள் போல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தினமும் அசைந்துகொண்டிருக்கிறது. ஒரு தடவை விரல் மடக்கி விரிக்கக் கால் மணி நேரமோ என்னமோ. அவ்வளவு நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? இரண்டு வருஷமாக ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த உடம்புக்குள்ளே முழு நினைவோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவளைக் கட்டை என்று சொல்லி வண்டியில் ஏற்றப் போகிறார்கள்.

அம்மா சித்திகாவிடம் காட்டினாள். அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்காதே என்று ஆரம்பித்த சித்திகா, பார்த்து முடித்ததும் வாய்க்குள் ஏதோ ஓதினாள். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் ஆளாகச் செருப்பை மாட்டினாள்.

சம்பந்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கங்கம்மா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா இது, நான் பக்கத்துலயே குந்திகினு கீறேன், ஒரு நாளும் கையி ஆடலியே" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சம்பந்தம் மட்டும் பயப்படவில்லை. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததைப் பார்க்க மாஹிராவுக்கு என்னவோ போலிருந்தது.

"என்னைத்தான் கூப்பிடுறா" என்றார். "கை வாசலைப் பார்த்து இருக்கு பார். நான் நிக்கிற இடம்."

வண்டி வேண்டாம் என்று அப்போதே போன் போட்டார். அடுத்த நாள் தெருவில் வீடு வீடாகக் கேசரி போனது. மாஹிராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லூரியில் போனைக் கைமாற்றிப் பார்த்தார்கள். அவளுக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது, சொல்லக் கூடாது. சம்பந்தம் இப்போது சாயங்காலமானால் ஸ்டூலை நாற்காலி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மனைவியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திவைத்துக்கொண்டு, மடியில் விரித்த பேப்பரைப் படித்துக் காட்டினார். இருட்டும்வரை விடமாட்டார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

இப்படி இருக்கையில் ஃபிரெடி சார், பொம்மை எழுந்தது எப்படி என்று ஜூனியர்களுக்குக் காட்ட வேண்டும், எடுத்த வரிசையிலேயே ஒரு பிரதி கொண்டு வா என்று கேட்டார். மாஹிரா அந்தப் பொத்தானைத் தட்டாமல் முதல் தடவையாக ஓட்டினாள்.

பொம்மை நின்றது, குறுகியது, முகம் அழிந்து உருண்டையானது. அதைப் பார்க்க முதலில் சிரிப்பாக இருந்தது. பின்னால் ஆன்ட்டியின் விரல்கள் மெதுவாக உள்ளே மடிந்து, சுண்டினாற்போல வெளியே விரிந்தன. மறுபடியும் மடிந்து, சுண்டின. வடகத்தில் வாய் வைக்க வருகிற காக்கையை விரட்டுகிற மாதிரி.

போ.

மாஹிரா மற்ற நாட்களில் எடுத்ததையும் அப்படியே ஓட்டினாள். வாசலில் சம்பந்தம் போனோடு தோன்றுகிறார், விரல்கள் சுண்டுகின்றன. போய்விடுகிறார், கை அடங்குகிறது. மறுபடி வருகிறார், மறுபடி போ. எல்லா நாளிலும் அதுதான். தலைகீழாக ஓட்டியதில் போ என்பது வா ஆகிவிட்டது. அத்தனை பேர் பார்த்த அந்தக் கூப்பிடலை அவள்தான் செய்து கொடுத்திருக்கிறாள்.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். சித்திகா பார்த்தாள். உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாம இங்க குடிவந்து எத்தனை வருஷம் ஆச்சு? அவங்க ரெண்டு பேரும் ஒரு இடத்துல சேர்ந்து உக்காந்து நான் பார்த்ததே இல்லடி. அவர் பால்கனிக்கு வந்தா அந்தம்மா எழுந்து உள்ள போயிடும். நோய் வந்து எல்லாத்தையும் மாத்திடுச்சுன்னு நினைச்சேன்."

மாஹிரா தன் அறைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிரே சம்பந்தம் உட்கார்ந்து, விலைவாசிச் செய்தியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் கை வெளியே தெரியவே இல்லை. சம்பந்தத்தின் உள்ளங்கைகளுக்குள் ஒரு விரல் நுனிகூட மீதமில்லாமல் புதைந்திருந்தது. அந்த உடம்பில் பேசக்கூடியது அது ஒன்றுதான். அதன் வாயையும் இப்போது பொத்தியாகிவிட்டது, அதுவும் அன்பாக. சொன்னால் அந்தக் கிழவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த அம்மாளுக்கு ஆயுசு பூராவும் இதுதான். பொறுமை இல்லாதவள் என்று எல்லோரும் திட்டுவார்களே, அன்றைக்கு அந்தக் குணம்தான் உதவியது. இரண்டாவது தடவை யோசித்திருந்தால் அவள் போயிருக்க மாட்டாள்.

அவர்கள் வீட்டு பால்கனியில் போய் நின்று, "அங்கிள், நான் உங்களுக்குத் தப்பா காட்டிட்டேன்" என்றாள். போனை நீட்டினாள்.

சம்பந்தம் கையை எடுக்காமலே குனிந்து பார்த்தார். முழுசாகப் பார்த்தார். ஒரு விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "நீ காட்டின அன்னிக்கே தெரியும். அதுல கங்கம்மா ஆஞ்சு போட்ட கீரை திரும்பிப் போய்க் காம்புல ஒட்டிக்கிச்சு. முறத்துல இலை குறையுது, கட்டு பெருசாகுது. இது பின்னாடியிருந்து ஓடுதுன்னு புரியாதா?"

கங்கம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். சம்பந்தம் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முப்பது வருஷமா போன்னுதான் சொல்லிட்டிருக்கா. அதுக்குக் காரணமும் இருக்கு, நான் அப்படித்தான் நடந்துக்கிட்டேன். ஒரே ஒரு தடவை வான்னு சொன்ன மாதிரி இருந்ததும், சரி, இருந்துட்டுப் போகட்டும்னு பிடிச்சுக்கிட்டேன்."

மாஹிராவுக்கு அவர்மேல் பரிதாபமும் வந்தது, அருவருப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தெரிந்துகொண்டேதான் பொத்திவைத்திருக்கிறார். தினமும் அந்த விரல்கள் உள்ளே நெட்டித் தள்ளிக்கொண்டிருப்பது அவருடைய தோலுக்குத் தெரியாமலா இருக்கும்?

"கையை விடுங்க அங்கிள்" என்றாள்.

அவர் விட்டார். தன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார், கடைசி விரலை எடுக்கத்தான் நேரமானது. ஆன்ட்டியின் கை வெளுத்து, ஈரமாக, அவருடைய மோதிரத்தின் தடம் பதிந்து கிடந்தது. அதை எடுத்துக் கைப்பிடி மேல் பழையபடி வைத்தார். எழுந்து ஸ்டூலைச் சுவரோரம் தள்ளினார். பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து, தன் நீலப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும்படி கங்கம்மாவிடம் சொன்னார்.

மாஹிரா பதறிப்போனாள். அந்த ஹோமுக்கா, ஆன்ட்டியை மறுபடியும் அனுப்பப் போகிறாரா என்று கேட்டாள்.

"அவளை ஏம்மா அனுப்பணும்?" என்றார் சம்பந்தம். "வீடு அவளோடது, கங்கம்மா இருக்கா. நான் ஜெயகிருஷ்ணன்கிட்ட போறேன். அவதான் இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்றாளே."

அவர் உள்ளே போனார். மாஹிரா நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். போனை எடுக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு படியில் செருப்புச் சத்தம், கேட் திறக்கும் சத்தம். கை அசையவில்லை. அசைந்துகொண்டுதான் இருக்கும் என்று மாஹிராவுக்குத் தெரியும். அது சொல்லி முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கப் போவதில்லை.