எட்டாம் வீட்டிலிருந்து பதில் இல்லை

போன வருடம், சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் பழைய ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தை மூடிப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் வரிசையாக ஒட்டி நிற்கும் பன்னிரண்டு லயத்து வீடுகளில் ஆட்கள் இருந்தோம்.

மாலை நான்கு மணி இருக்கும். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். லாரி வருகிற மாதிரி இரைச்சல் கேட்டது. திரும்பினால், காற்று கறுப்பாகச் சுழன்று வருகிறது. ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் படுத்தேன். கொஞ்ச நேரம்தான். எழுந்து பார்த்தால் தலைக்கு மேல் கூரை இல்லை. கோயில் கூரைத் தகரம் மரத்தில் தொங்கியது.

எங்களைப் பள்ளி மண்டபத்துக்கு ஏற்றிப்போக லாரி வந்தது. எட்டாம் வீட்டில் தனியாக இருக்கும் அண்ணனை யாரோ விசாரித்தார்கள். "அவரு மத்தியானமே ஈப்போ போயிட்டாரு லா" என்றேன் நான்.

லாரியில் கால் வைத்தபோது மனசு உறுத்தியது. ஈப்போ கிளம்ப அவர் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றதைத்தான் பார்த்தேன். பஸ் ஏறியதைப் பார்க்கவில்லை.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை நான். ரப்பர் பால் வெட்டிய காலத்தில், விடியற்காலைப் பெரட்டில் கிராணி ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிடும்போது நான் "இருக்கேன்" என்பது அவர் காதில் விழாது. அன்று நானே பெரட்டு எடுத்தேன்.

"ஒண்ணாம் வீடு!"

"கெழவிக்குள்ள காத்து பூந்துருச்சு லா" என்று ஒரு குரல். சிரித்தார்கள்.

"ஒண்ணாம் வீடு!"

"அஞ்சு பேரும் இருக்கோம்க்கா."

ஏழு வரை பதில் வந்தது. எட்டுக்கு இல்லை.

"நீங்கதானக்கா ஈப்போ போயிட்டாருன்னீங்க?" என்றாள் ஏழாம் வீட்டுக்காரி.

"பாக்காமச் சொல்லிட்டேன்."

"ஏறுங்கம்மா, மறுபடி காத்து வரும்" என்று லாரிக்காரர் அவசரப்படுத்தினார்.

"எட்டாம் வீட்டப் பாக்காம நான் ஏற மாட்டேன் தம்பி."

நடந்தேன். நாலு பேர் குதித்துப் பின்னால் வந்தார்கள். தகரங்களை இழுத்துப்போட்டோம். அடுப்படிச் சுவர் சரிந்து கிடந்தது. அதற்கடியில் வெள்ளைச் சட்டைக் கை. உயிர் இருந்தது. கால்தான் நசுங்கியிருந்தது.

"பஸ்ஸே வரலம்மா. திரும்பி வந்துட்டேன்" என்றார், முகமெல்லாம் சுண்ணாம்போடு.

இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். ஐந்து வீட்டார் திரும்பி வரவேயில்லை. மீதி ஏழு வீட்டுக்கும் நாங்களே கூரைத் தகரம் அடித்துக்கொண்டு குடியிருக்கிறோம். பார்க்காததைப் பார்த்த மாதிரி நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பி, ஒரு மனிதரைச் சுவருக்கடியில் விட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் கிளம்பியிருப்போம் என்று நினைத்தால், இன்றும் சோறு பிசைகிற கை அப்படியே நின்றுவிடுகிறது.