பெரில் கெர்ஸ்லேக் எழுதிய இரண்டு வரி

பெரில் கெர்ஸ்லேக் ஓர் இடத்தின் ஆழத்தை இரண்டு முறை அளக்காமல் எழுதியதில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் இறக்கி, எண்ணைச் சொல்லி, மறுபடி இறக்கி, அதே எண் வந்தால்தான் நோட்டில் பென்சில் படும். போவென் துறையில் இதற்காக அவளைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. “பெரில் டீக்குச் சர்க்கரை போட்டாலும் ரெண்டு தரம் எண்ணித்தான் போடுவா” என்பார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

முப்பத்தெட்டு வயது வரை தபால் நிலையத்தில் தந்தி அடித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகுதான் கிளாரியைக் கட்டிக்கொண்டாள். அவன் தச்சன், கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் எழுதுவான். அவன் வீட்டுப் பின்புறம் மாமரத்தடியில் ஏழு வருடமாக ஒரு பாய்ப்படகு பாதி எலும்பும் பாதிப் பலகையுமாக நின்றது. இருவரும் சேர்ந்து அடுத்த இரண்டு வருடத்தில் அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் மே மாதம் தென்கிழக்குக் காற்று நிலைத்ததும் கிளம்பிவிடுவார்கள். அக்டோபர் வெக்கையில்தான் திரும்புவார்கள். கிளாரி விரிகுடாக்களை வரைவான். பெரில் அளப்பாள், எழுதுவாள். எந்தத் தீவின் எந்தப் பக்கம் எந்தக் காற்றுக்குப் பாதுகாப்பு, எங்கே சேறு, எங்கே பவளம், எங்கே குடிதண்ணீர் என்று 1974-ல் அது புத்தகமாக வந்தது. அடுத்த குளிர்காலத்தில் தெற்கிலிருந்து வந்த படகுகளில் பாதியில் அது சுக்கான் பக்கத்தில் விரிந்து கிடந்தது. பின்னட்டையில் அவள் வீட்டு விலாசமும் ஒரு வரியும் இருக்கும்: தவறு கண்டால் எழுதவும்.

1977 ஜூலையில் அவர்கள் டோலன் கழிமுகத்தில் நங்கூரம் போட்டிருந்தார்கள். போவெனிலிருந்து தெற்கே ஒன்றரை நாள் தூரம். இருபுறமும் சதுப்புமரம், ஒரே ஒரு தகரக் கொட்டகை. அதில் சால்வு கிரெக் இருந்தான். மால்டாவிலிருந்து வந்து மக்காய்ப் பக்கம் கரும்பு வெட்டியவன்; கரும்பு வெட்ட இயந்திரம் வந்ததும் இங்கே நண்டு பிடிக்க வந்துவிட்டான். கரையில் ஒரு பீப்பாய் வைத்து ஊற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்திருந்தான். படகுக்காரர்கள் நிரப்பிக்கொள்ளலாம். பதிலுக்குப் பழைய செய்தித்தாள் கேட்பான், அரைமணி நேரப் பேச்சும்.

அன்று மாலை தன் தகரப் படகில் வந்து இரண்டு நண்டு கொடுத்துவிட்டுப் போனான். கிளாரிக்குப் பவளம் கிழித்த கை வீங்கியிருந்ததால், கரைக்குப் போய்வர வைத்திருந்த குட்டிப்படகைப் பாய்ப்படகின் பின்னால் பெரில்தான் கட்டினாள். காலையில் அது இல்லை.

விஷயம் கேட்டதும் சால்வு கிளாரியை ஏற்றிக்கொண்டு சதுப்பெல்லாம் அலைந்தான். நடுப்பகல் வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை.

“தேடுற மாதிரி நல்லா நடிக்கிறான்” என்றாள் பெரில்.

“நாம பாக்கலையே பெரில்.”

“வேற யாரு இருக்கா இங்க? முதலையா வந்து கயித்த அவுத்துச்சு?”

“முடிச்சு…”

“என் முடிச்சா?” என்று அவள் கேட்டதும் கிளாரி தூரிகையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். சச்சரவு என்றால் விலகிப் போகிற சுபாவம் அவனுக்கு.

அடுத்த வருடம் இரண்டாம் பதிப்பு வந்தது. டோலன் கழிமுகத்துப் பக்கத்தில், ஆழத்துக்கும் ஏற்றவற்றத்துக்கும் கீழே, பெரில் இரண்டு வரி சேர்த்திருந்தாள். கரையில் வசிக்கும் ஆளை நம்பிக் குட்டிப்படகைத் தண்ணீரில் விட்டுவைக்க வேண்டாம். எங்கள் படகு இங்கேதான் களவு போனது.

அச்சுக்குப் போகும் முன்பே கிளாரி மெய்ப்புத்தாளைப் பார்த்துவிட்டு, “இதை மட்டும் எடுத்துறலாமே” என்றான்.

“பின்னால வர்றவங்களும் ஏமாறட்டும்கிறியா?”

எடுக்கவில்லை. அந்த இரண்டு வரி கரையெல்லாம் நடந்தது, போகப்போகப் பெருத்தது. எவனோ ஒருவன் அங்கே வாளியைத் தொலைத்தான். போவென் படகுச் சங்கத்தில் பேசப்படும்போது அந்த வாளி படகு இயந்திரமாகியிருந்தது. கேட்கக் கேட்கப் பெரிலுக்குத் தான் எழுதியது சரி என்று உறுதிப்பட்டது. ஒரு வருடம் கழித்துப் பென்சிலில் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. எழுத்துப் பிழை மலிந்த நாலு வரி. நான் படகு எடுக்கல. தயவுசெய்து மாற்றவும். எஸ். கிரெக்.

“எடுக்காதவன் எதுக்குக் கடுதாசி போடுறான்?” என்று பெரில் அதை மற்ற கடிதங்களோடு சொருகிவைத்தாள். ஆழம் தவறு, விளக்கு மாறிவிட்டது என்று எழுதியவர்களுக்கெல்லாம் ஒரு வாரத்தில் பதில் போடுகிறவள், அதற்கு மட்டும் போடவில்லை. 1984-ல் மூன்றாம் பதிப்புக்கு அதே இரண்டு வரியைத் தன் கையால் மறுபடி தட்டச்சு செய்தாள்.

கிளாரி 1987-ல் மாரடைப்பில் போனான். அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு மதியம், படகுச் சங்கத்தின் புல்வெளியில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். டூகல் மெக்காஸ்கர் என்று ஒருவர், இறால் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், சங்கத்துக்குப் புதிது, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

“ஓசியில எனக்குப் படகு வந்த கதை தெரியுமா? விடிஞ்சு பாத்தா நட்டநடுக் கடல்ல தனியா ஆடிக்கிட்டு வருது. கயித்துல ஒரு வெட்டு இல்ல, பிசிறு இல்ல, சுத்தமா அவுந்து வந்திருக்கு. கட்டினவன் எவனோ, அவனுக்கு ஷூ லேஸ் கட்டிவிடவும் பொண்டாட்டிதான் வரணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். பெரிலும் சிரித்தாள். பிறகு எதற்கென்று தெரியாமலே கேட்டாள். “என்ன நிறம்?”

“வெளிய வெள்ளை. உள்ள, இந்தச் சமையக்கட்டுக்கு அடிப்பாங்களே, அந்த வெளிர்பச்சை. உக்காருற பலகைக்கு அடியில பி.கே.ன்னு செதுக்கியிருந்துச்சு.”

“எந்த வருஷம்?”

“எழுபத்தேழு ஜூலை. என் ரெண்டாவது பொண்ணு பொறந்த மாசம். ஏன், உங்களுதா? அடடா, நான் அதைக் கோழிக்கூடாக்கிட்டேனே!”

பெரில் தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். சமையலறைச் சுவரில் அதே பச்சைதான். மிச்சமான பெயிண்டைத்தான் கிளாரி படகுக்குப் பூசியிருந்தான். அவள் பெட்டியைத் திறந்து அந்தப் பென்சில் கடிதத்தைத் தேடினாள். பத்து வருடக் கடிதங்களுக்கு அடியில் அது மடிப்புக் கலையாமல் இருந்தது.

அக்டோபரில் வடக்குக் காற்று கிடைத்ததும் கிளம்பினாள். அறுபத்தொரு வயதில் அந்தப் பாய்ப்படகைத் தனியாக ஓட்டுவது இதுவே முதல்முறை. சால்வு கரையில் உட்கார்ந்து நண்டுக்கூட்டுக்குக் கம்பி பின்னிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பீப்பாய் துருவேறிக் கவிழ்ந்து கிடந்தது. அவளுக்கு முன்னால் அவள் படகைத்தான் அவர் அடையாளம் கண்டார்.

“புருஷன் எங்க மிஸஸ்?”

“போய்ட்டார். ரெண்டு வருஷமாச்சு.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். “நல்ல மனுஷன்.” ஒரு தகரக் குவளையில் டீ ஊற்றி அவளிடம் நீட்டிவிட்டு மறுபடி கம்பியை எடுத்தார்.

பெரில் சேற்றில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டூகல், பச்சை பெயிண்ட், வெட்டுப்படாத கயிறு, தன் முடிச்சு. சால்வு கம்பியை விடவில்லை. அவள் முடித்த பிறகும் நாலைந்து கண்ணி பின்னினார்.

“அந்தப் புஸ்தகம் என்கிட்ட இருக்கு. யாரோ ஒரு படகுக்காரர் பொண்டாட்டி என்னைப் பாத்ததும் கீழ போட்டுட்டு ஓடினாங்க. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, எழுத்துக்கூட்டித்தான். என் பேரு இல்லைன்னாலும் என்னைத்தான் சொல்லுதுன்னு புரிஞ்சுது. இருந்தாலும் சந்தேகம். மக்காய்க்கு எடுத்துட்டுப் போனேன். நேனு வீட்டுல, என் சித்தப்பா பையன் நேனு, ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தோம். அவன் பொண்ணை வாசிக்கச் சொன்னேன். மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் நேனு என்னைத் தனியாக் கூப்பிட்டான். ‘எங்கிட்ட மட்டும் சொல்லு சால்வு, எடுத்தியா?’ன்னு கேட்டான்.”

பெரில் சேற்றில் புதைந்த காலை இழுத்து வைத்தாள்.

“படகுக்காரங்க வராம போனாங்க, அது கிடக்கட்டும் மிஸஸ். நேனுவும் நானும் ஒரே கட்டில்ல படுத்து வளந்தவங்க. அவன் கேட்டுட்டான்.”

“கடுதாசி போட்டீங்களே, எனக்கு வந்துச்சு. நான்தான்…”

“தெரியும். வராம எங்க போகும்?”

“புதுப் பதிப்புல மாத்திடுறேன். உங்க பேரைப் போட்டு, என் தப்புன்னு எழுதிடுறேன்.”

“போடுங்க. புஸ்தகம் வந்தா நேனு வீட்டுக்கு அனுப்புங்க, தபால்காரன் இங்க வரமாட்டான்.”

“மன்னிச்சிருங்கன்னு கேக்க வந்தேன் மிஸ்டர் கிரெக்.”

“கேட்டாச்சுல்ல. டீ ஆறுது, குடிங்க.”

அவள் குடித்தாள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நண்டும் கொடுக்கவில்லை. படகு முனை திரும்பும்போது பெரில் பார்த்தாள்; அவர் மறுபடி கம்பியைப் பின்னிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பதிப்பு விற்றுத் தீராமல் புதியது போட மாட்டேன் என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த அறுநூற்றுச் சொச்சம் பிரதிகளை வீட்டுக்கு வரவழைத்து, ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு வரி மேல் திருத்தச்சீட்டை ஒட்டினாள் பெரில். பசை நாற்றம் வீட்டை விட்டுப் போக ஒரு மாதமானது. ஆனால் ஏற்கெனவே விற்றுப் படகுகளில் அலைந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான பிரதிகளை அவளால் என்ன செய்ய முடியும்? அவற்றைப் பார்த்துப் பிரதி எடுத்தவர்களும் இருந்தார்கள்.

நான்காம் பதிப்பு 1991 ஏப்ரலில் வந்தது. எங்கள் படகை இங்கே யாரும் திருடவில்லை. பெரில் கெர்ஸ்லேக் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இங்கே வசிக்கும் சால்வு கிரெக் நேர்மையானவர். பதின்மூன்று வருடமாக இந்தப் புத்தகம் அவருக்கு அநியாயம் செய்தது. போய்ப் பாருங்கள், செய்தித்தாள் கொண்டுபோங்கள். முதல் பிரதியை மக்காய் விலாசத்துக்கு அனுப்பினாள். பதில் இல்லை.

ஆகஸ்டில் மெல்பர்னைச் சேர்ந்த ஒரு தம்பதியிடமிருந்து மரியாதையான கடிதம் வந்தது. டோலன் கழிமுகத்துக்குப் போனோம், கொட்டகைக் கூரை விழுந்து கிடக்கிறது, தண்ணீர் இல்லை, நீங்கள் சொல்லும் மனிதரும் இல்லை, அடுத்த பதிப்பில் திருத்தினால் நல்லது.

பெரில் மறுநாள் பேருந்தில் மக்காய் போனாள். கதவைத் திறந்தவர் கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர், அவர்தான் நேனு.

“சால்வுவா? பிப்ரவரியிலேயே ஊருக்குப் போய்ட்டான். மால்டாவுல, கோசோத் தீவுல அவன் அக்கா இருக்கா. முப்பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் போறான், ஒரே ஒரு பெட்டி. இங்க பேச யாரு இருக்கான்னு கேட்டான். நான் இருக்கேனேன்னு சொன்னேன். அவன் பெட்டியைப் பூட்டிட்டு எந்திரிச்சுட்டான். நீங்க யாரு?”

“அந்தப் புத்தகத்தை எழுதினவ.”

நேனு அவளை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பொட்டலம் இருந்தது. அவள் கட்டிய நூல் கூட அவிழாமல் இருந்தது. “அவன் பேருக்கு வந்துச்சு. நான் பிரிக்கல.”

பெரில் பிரித்துப் பக்கத்தைத் தேடி வாசலில் நின்றே வாசித்துக் காட்டினாள். நேனு முழுவதையும் கேட்டார்; தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இதைச் சொல்ல ஒரு புஸ்தகம் வேணுமா? நான் அன்னிக்கே சொல்லியிருக்கலாம். அச்சுல வந்திருக்குன்னு நம்பிட்டேன்” என்றார்.

அவர் எழுதிக்கொடுத்த விலாசத்துக்குப் பெரில் அதே பிரதியை அனுப்பினாள். கூடவே ஒரு கடிதம். ஏழு முறை கிழித்து எட்டாவது முறை எழுதியது. கிறிஸ்துமஸ் வந்தது, அடுத்த கிறிஸ்துமஸும் வந்தது. கோசோவிலிருந்து ஒன்றும் வரவில்லை. வாசலில் தபால்காரர் சைக்கிள் நின்றால் மட்டும் ஒரு நிமிடம் கையில் இருக்கிற வேலையை அவள் நிறுத்திவிடுவாள்.

1995-ல் ஐந்தாம் பதிப்புக்கு டோலன் கழிமுகத்துப் பக்கத்தை எடுத்தாள். மெல்பர்ன்காரர்கள் எழுதியது உண்மைதான். அங்கே யாரும் இல்லை. இல்லாதவரைப் பார்க்க ஆட்களை அனுப்பக் கூடாது. சால்வுவின் பெயரை நீக்கிவிட்டு, நன்னீர் கிடையாது, கரையில் குடியிருப்பு இல்லை என்று தட்டச்சு செய்தாள். செய்துவிட்டு வெகுநேரம் அந்தத் தாளை இயந்திரத்திலிருந்து உருவாமல் உட்கார்ந்திருந்தாள்.